மின்னூலை நீங்களே வெளியிடப் போகிறீர்கள் என்றால்

கேள்வி இது: நாவல் எழுதி முடித்தாயிற்று, பதிப்பகங்களின் பதிலுக்காக மாதக்கணக்கில் காத்திருக்க விருப்பமில்லை, மின்னூலாக நானே வெளியிடுவது என்று முடிவு செய்துவிட்டேன், அமேசானில் மட்டும் போடலாமா, எல்லாக் கடைகளிலும் போடலாமா, நூல்களுக்கான சர்வதேச அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன் வாங்கியே ஆக வேண்டுமா, கடைசியில் கையில் எவ்வளவு நிற்கும்?

ஐஎஸ்பிஎன் கட்டாயம் இல்லை. கையில் நிற்பது விலையையும் கோப்பின் அளவையும் பொறுத்தது, அதைக் கீழே கணக்குப் போட்டே காட்டுகிறேன். அமேசான் மட்டுமா என்பதற்கு எல்லோருக்கும் பொருந்துகிற ஒரு பதில் கிடையாது. அப்படி ஒரே பதில் சொல்பவர் உங்களிடம் எதையோ விற்கப் பார்க்கிறார் என்று எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கெல்லாம் முன்னால் ஒன்று சொல்லிவிடுகிறேன். கடை எந்தக் காலத்திலும் உங்களுடையது ஆகாது. விதியை மாற்றுவார்கள், சதவீதத்தை மாற்றுவார்கள், ஏதோ ஒரு சந்தேகத்தில் உங்கள் கணக்கையே முடக்கவும் செய்வார்கள். கோப்பு, உரிமை, வாசகரோடு உள்ள நேரடித் தொடர்பு, இவை மட்டும்தான் உங்களுடையவை. ஒவ்வொரு முடிவு எடுக்கும்போதும் இவற்றில் எது கைமாறிப் போகிறது என்று பார்த்துக்கொண்டால் மற்றதெல்லாம் சில்லறை விவகாரம்தான்.

கோப்பிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் பெரும்பாலானவர்கள் கடைசி நாளில் முடித்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைப்பது இதைத்தான். மின்னூலுக்குப் பொது வடிவம் ஈபப். உள்ளே பெரிய மர்மம் ஒன்றும் இல்லை: இணையப் பக்கங்களில் இருக்கும் அதே எச்டிஎம்எல், தோற்றத்துக்கு சிஎஸ்எஸ், படங்கள், எந்த அத்தியாயத்துக்குப் பின் எது என்று சொல்லும் ஒரு பட்டியல், எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டிய ஒரு ஜிப் பொட்டலம். 2017 முதல் இந்தத் தரத்தைக் கவனித்துக்கொள்வதும் இணையத்துக்குத் தரங்கள் வகுக்கும் டபிள்யூ3சி அமைப்புதான். இதைப் புரிந்துகொண்டாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். இணையப் பக்கம் திரையின் அகலத்துக்கு ஏற்றபடி வரியை மடக்கிக்கொள்கிறது, எழுத்தைப் பெரிதாக்கினால் எல்லாம் நகர்ந்து இடம் மாறுகிறது, மின்னூலும் அப்படியேதான். அதனால் வேர்டில் ஸ்பேஸ் பாரைத் தட்டித் தட்டித் தலைப்பை நடுவில் கொண்டுவந்தது, என்டரை வரிசையாக அழுத்தி அடுத்த பக்கத்துக்குத் தள்ளியது, டேப் வைத்துப் பத்தியை உள்ளே இழுத்தது எல்லாம் வாசகரின் கைபேசியில் அலங்கோலமாகத் தெரியும். அத்தியாயத் தலைப்புக்கு ஹெடிங் ஸ்டைல், உரைக்கு ஒரே ஒரு பத்தி ஸ்டைல், அத்தியாய முடிவில் பேஜ் பிரேக். ஒரு நாவலுக்கு இவ்வளவு ஒழுங்கு போதும், பொருளடக்கம் தானாகவே சரியாக வந்துவிடும்.

மாற்றுவதற்கு மென்பொருள் ஏராளம். கேலிபரும் சிகிலும் இலவசம். சிகிலில் ஈபப்பைத் திறந்து உள்ளே இருக்கும் வரியையே திருத்தலாம், கொஞ்சம் எச்டிஎம்எல் பழகியவர்களுக்கு அதைவிட நல்ல கருவி கிடையாது. வெல்லம் என்பது மேக் கணினியில் மட்டும் ஓடும், காசு கொடுத்து வாங்க வேண்டும், அழகாக வரும். டிராஃப்ட்2டிஜிட்டல் தளத்தில் வேர்டு கோப்பைக் கொடுத்தால் ஈபப் ஆக்கித் தருவார்கள், அந்த ஈபப்பை நீங்கள் எங்கே வேண்டுமானாலும் பயன்படுத்திக்கொள்ளலாம். அமேசானின் கிண்டில் கிரியேட் எளிமையானதுதான், ஆனால் அதன் திட்டக் கோப்பு அவர்களுடைய சொந்த வடிவம். அதையே மூலமாக வைத்துக்கொண்டு மேலே திருத்தங்கள் செய்துகொண்டே போனால் நாளைக்கு வேறு கடைக்குப் போகும்போது பழைய வேர்டு கோப்பில் எல்லாத் திருத்தத்தையும் மறுபடி செய்ய வேண்டி வரலாம். மூலக் கோப்பு ஒன்றே ஒன்று இருக்கட்டும், திருத்தம் எதுவானாலும் அதில்தான். அப்புறம் மோபி, கிண்டிலின் பழைய கோப்பு வடிவம். பழைய கட்டுரைகள் இன்னமும் கிண்டிலுக்கு மோபி செய்யச் சொல்கின்றன, தேவையே இல்லை, அமேசானும் ஈபப்பைத்தான் வாங்கிக்கொள்கிறது.

கோப்பு தயாரானதும் ஈபப்செக் என்ற இலவசச் சோதனையில் ஓட்டிப் பாருங்கள், பிழை காட்டினால் சில கடைகள் கோப்பைத் திருப்பி அனுப்பிவிடும். கிண்டிலில் எப்படித் தெரியும் என்று காட்டும் கிண்டில் பிரீவியூவரில் ஒரு தடவை, உண்மையான கைபேசி ஒன்றில் ஒரு தடவை, அதே கைபேசியில் இரவு நிறத்தில் ஒரு தடவை பாருங்கள். இந்தக் கடைசிச் சோதனையை யாரும் செய்வதில்லை. வேர்டிலிருந்து வரும்போது எழுத்துக்குக் கருப்பு நிறம் என்று கோப்பிலேயே பதிந்து வந்துவிட்டால், பின்னணி கருப்பானதும் சில செயலிகளில் எழுத்தே கண்ணுக்குத் தெரியாது. ஆங்கிலம் போன்ற ரோமன் எழுத்து மொழிகளில் எழுதாதவர்களுக்குக் கூடுதலாக ஒரு கவலை உண்டு: உரை முழுதும், எல்லாக் கருவிகளும் ஒரே மாதிரி புரிந்துகொள்ளும் எழுத்துக் குறியீடான யூனிகோடில் இருக்க வேண்டும். பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கோப்பு உங்கள் கணினியில் சரியாகத் தெரியும், வாசகரின் கருவியில் புரியாத குறிகளாகத் தெரியும், தேடலிலும் சிக்காது. நூலுக்குள் எழுத்துருவைப் பதிக்கிறீர்கள் என்றால் அதன் உரிமத்தைப் படியுங்கள். கணினியில் இருக்கிறது என்பதற்காக நூலில் சேர்த்து விற்கலாம் என்று ஆகாது. நோட்டோ வரிசை போன்றவை திறந்த உரிமத்தில் வருவதால் அந்தத் தொல்லை இல்லை.

படங்கள் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் மாற்று உரை எழுதிவிடுங்கள், பார்வையற்ற வாசகர்களுக்குத் திரைவாசிப்பான் அதைத்தான் படித்துக் காட்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் அணுகல்தன்மைச் சட்டம் 2025 ஜூன் 28 முதல் மின்னூல்களுக்கும் நடைமுறைக்கு வந்துவிட்டது. மிகச் சிறிய நிறுவனங்களுக்கு விலக்கு இருக்கிறது என்றாலும் கடைகள் இந்தத் தகவலைக் கேட்கத் தொடங்கிவிட்டன.

பணம் செலவழிப்பதாக இருந்தால் முதலில் எடிட்டருக்கு, அடுத்து அட்டைக்கு. அதற்குப் பின்னால்தான் மற்றதெல்லாம். விளம்பரத்துக்கு ஒதுக்கிய காசை எடிட்டருக்குக் கொடுங்கள் என்று நான் சொன்னால் யாரும் கேட்பதில்லை, ஏனென்றால் விளம்பரத்தில் நான்கு எண்களாவது திரையில் ஓடுகின்றன, எடிட்டர் செய்த வேலை வெளியே தெரிவதில்லை. அட்டையைப் பொறுத்தவரை அமேசான் பரிந்துரைக்கும் அளவு 2560 பிக்சல் உயரம், 1600 அகலம். ஆனால் வாசகர் முதலில் பார்ப்பது கைவிரல் நகம் அளவுக்குச் சுருங்கிய படத்தை. அந்த அளவில் தலைப்பு படிக்க முடிகிறதா, இது துப்பறியும் கதையா காதல் கதையா வரலாறா என்று பார்த்தவுடன் தெரிகிறதா, இரண்டுக்கும் ஆம் என்றால் அட்டை வேலை செய்கிறது. உங்கள் கதையின் ஆழமான குறியீட்டை அட்டையில் கொண்டுவர முயன்று வகையே புரியாமல் போன நூல்கள் கணக்கற்றவை.

இப்போது காசு. அமேசானின் வெளியீட்டுத் தளமான கேடிபியில் இரண்டு ராயல்டி விகிதங்கள், அதாவது விலையில் உங்களுக்கு வரும் பங்கு, 35 சதவீதமும் 70 சதவீதமும். அமெரிக்கக் கடையில் 70 கிடைக்க விலை 2.99 டாலருக்கும் 9.99 டாலருக்கும் இடையில் இருக்க வேண்டும், அச்சுப் பதிப்பும் விற்பனையில் இருந்தால் மின்னூல் அதைவிடக் குறைந்தது 20 சதவீதமாவது மலிவாக இருக்க வேண்டும். அதோடு ஒவ்வொரு மெகாபைட்டுக்கும் 15 சென்ட் அனுப்புக் கூலி கழித்துக்கொள்வார்கள், இந்தக் கூலி 35 சதவீதத்தில் கிடையாது. படமில்லாத நாவல் ஒன்று ஒரு மெகாபைட் என்று வைத்து 4.99 டாலர் விலை போட்டால் பிரதிக்கு 3.39 டாலர் உங்களுக்கு. அதே விலையில் படங்கள் நிறைந்த 20 மெகாபைட் நூல் என்றால் மூன்று டாலர் கூலிக்கே போய்விடும், மிச்சம் 1.99, அதில் 70 சதவீதம் 1.39 டாலர். இங்கேதான் வேடிக்கை: அதே நூலை 35 சதவீதத்தில் போட்டால் 1.75 டாலர் வருகிறது! இந்த விலையில் சுமார் பதினாறரை மெகாபைட்டைத் தாண்டினால் குறைந்த விகிதமே லாபம். படங்களைச் சுருக்கினால் இந்தப் பிரச்சினையே வராது என்பது வேறு விஷயம், முதலில் அதைச் செய்யுங்கள்.

விலையைக் குறைத்தால் அதிகம் விற்கும் என்ற நம்பிக்கையில் 1.99 வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். 1.99க்குக் கிடைப்பது 35 சதவீதம்தான், அதாவது 70 சென்ட். 2.99க்கு ஒரு மெகாபைட் நூலில் 1.99 டாலர் கிடைக்கிறது. ஒரு டாலர் குறைத்ததை ஈடுகட்டக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு விற்க வேண்டும், அப்படி விற்பதை நான் பார்த்ததில்லை. 99 சென்ட் விலைக்கு ஒரு பயன் உண்டு, தொடரின் முதல் பாகத்துக்கு, வாசகரை உள்ளே இழுக்க. தனி நாவலுக்கு அந்த விலை வைத்தால் எழுதியவருக்கே அதன்மேல் நம்பிக்கை இல்லை என்றுதான் படும். பணம் வந்து சேர்வதும் உடனே நடக்காது, மாதம் முடிந்து சுமார் 60 நாள் கழித்து, அதாவது ஜனவரி விற்பனை மார்ச் கடைசியில். வரிப் படிவத்தையும் பொறுமையாக நிரப்புங்கள். அமெரிக்காவுக்கு வெளியே இருப்பவர்களின் அமெரிக்க விற்பனை ராயல்டியில் 30 சதவீதம் வரி பிடித்துக்கொள்வார்கள், உங்கள் நாட்டுக்கும் அமெரிக்காவுக்கும் வரி உடன்படிக்கை இருந்து உங்கள் வரி எண்ணையும் ஒழுங்காகக் கொடுத்திருந்தால் மட்டுமே அது குறையும். ஒரு எண்ணை விட்டுவிட்டதற்காக முழு வரியையும் இழப்பவர்கள் நிறையப் பேர்.

சரி, அமேசான் மட்டுமா, எல்லா இடமுமா. இதில் குழப்பம் வருவது கேடிபி வேறு, கேடிபி செலக்ட் வேறு என்று தெரியாததால். கேடிபியில் நூலைப் போட்டு அமேசானில் விற்றுக்கொண்டே மற்ற எல்லாக் கடைகளிலும் விற்கலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். செலக்ட் என்பது அதற்குள்ளேயே நீங்கள் விரும்பிச் சேர்கிற ஒரு திட்டம். சேர்ந்தால் 90 நாட்களுக்கு அந்த மின்னூல் அமேசானைத் தவிர வேறு எந்தக் கடையிலும் இருக்கக் கூடாது, உங்கள் சொந்த இணையதளத்தில் இலவசமாகக்கூட வைக்கக் கூடாது. 10 சதவீதம் வரை மாதிரியாக வெளியே காட்டலாம். அச்சுப் பதிப்புக்கு இந்தத் தடை கிடையாது. 90 நாள் முடிந்ததும் தானாகவே புதுப்பித்துக்கொள்ளும், தானாகப் புதுப்பிக்கச் சொல்லும் குறியை எடுத்துவிடாமல் மறந்து வேறு கடையில் ஏற்றி எச்சரிக்கைக் கடிதம் வாங்குவது ரொம்பச் சகஜம். நாவலைத் தொடராக இணையத்தில் எழுதி முடித்துவிட்டு அப்படியே செலக்டில் சேர்ப்பவர்கள் முதலில் அந்தப் பக்கங்களை எடுத்துவிட வேண்டும், தேடலில் கண்டுபிடிப்பது அவர்களுக்கு ஒரு நிமிட வேலை.

இவ்வளவு கட்டுப்பாட்டுக்குக் கைமாறாக என்ன கிடைக்கிறது? முக்கியமாகக் கிண்டில் அன்லிமிடெட். மாதச் சந்தா கட்டியவர்கள் உங்கள் நூலை எடுத்துப் படித்தால், படித்த பக்கத்துக்கு ஏற்பக் காசு. 2014இல் தொடங்கியபோது கடன் வாங்கிய எண்ணிக்கைக்குக் கொடுத்தார்கள், 2015 ஜூலையிலிருந்து பக்கக் கணக்கு. ஒரு பக்கத்துக்கு இவ்வளவு என்று நிலையான தொகை கிடையாது, அந்த மாதத்துக்கான மொத்த நிதியைப் படிக்கப்பட்ட மொத்தப் பக்கங்களால் வகுத்து வருவது, பொதுவாக அரை சென்டுக்குக் கொஞ்சம் கீழே நிற்கிறது. 300 பக்கம் என்று அவர்கள் கணக்கிடும் நாவலை ஒருவர் முழுக்கப் படித்தால் ஒன்றேகால் டாலரைச் சுற்றி. விற்றால் வருவதைவிடக் குறைவுதான், ஆனால் பெயரே கேள்விப்படாத எழுத்தாளரை விலை கொடுத்து வாங்கத் தயங்குகிற வாசகர் சந்தாவில் சும்மா எடுத்துப் பார்ப்பார், அதுதான் இதன் பலம். ஐம்பதாவது பக்கத்தில் மூடி வைத்துவிட்டார் என்றால் ஐம்பது பக்கத்துக்கான காசு மட்டும். பிரேசில், ஜப்பான், மெக்சிகோ, இந்தியா ஆகிய நாடுகளின் வாசகர்களிடம் விற்பதற்கு 70 சதவீதம் கிடைக்கவும் நூல் செலக்டில் இருந்தாக வேண்டும், இல்லாவிட்டால் அங்கே 35தான். உங்கள் வாசகர்களில் பெரும்பாலானோர் அந்த நாடுகளில் இருந்தால் இந்த ஒரு விதியே முடிவைத் தீர்மானித்துவிடும்.

என் கருத்தைச் சொல்கிறேன். காதல், மர்மம், மாயாஜாலம் மாதிரி வரிசையாக வாசித்துத் தள்ளுகிறவர்களின் வகைகளில், அதுவும் தொடராக எழுதுகிறீர்கள் என்றால் முதல் 90 நாள் செலக்டில் போட்டுப் பாருங்கள். சந்தா வாசகர்கள் அதிகம் புழங்குவது அங்கேதான், 90 நாளில் வெளியே வரவும் வழி இருக்கிறது. ஒரு துறையைப் பற்றிய நூல், கவிதை, கட்டுரை, படிப்பு சம்பந்தப்பட்டது, இவற்றைப் பெரும்பாலும் சந்தாவில் புரட்டிப் படிக்க மாட்டார்கள், தேடி வந்து வாங்குவார்கள் அல்லது நூலகத்தில் கேட்பார்கள். அவற்றை எல்லா இடத்திலும் போடுங்கள். மாதம் ஒரு முறை உள்ளே போய் வெளியே வந்து விளையாடுவது மட்டும் வேண்டாம். மற்ற கடைகளில் ஒரு நூலுக்கு வாசகர்களும் விமர்சனங்களும் சேர ஒரு வருடம்கூட ஆகும், நடுவில் எடுத்தால் திரும்ப ஏற்றும்போது எல்லாம் முதலிலிருந்து.

எல்லா இடத்திலும் என்றால் எங்கெங்கே? ஆப்பிள் புக்ஸ் எந்த விலையிலும் 70 சதவீதம் தருகிறது. கோபோ ரைட்டிங் லைஃப் 2.99 டாலரிலிருந்து 70, அதற்குக் கீழே 45. கூகுள் பிளே புக்ஸ், பார்ன்ஸ் அண்ட் நோபிள் பிரஸ் இரண்டும் உண்டு. கோபோவுக்கும் கோபோ பிளஸ் என்று ஒரு சந்தா இருக்கிறது, அதற்கு அங்கே மட்டும்தான் விற்க வேண்டும் என்று கேட்பதில்லை என்பதைக் கவனியுங்கள். ஒவ்வொன்றிலும் தனித்தனியாகக் கணக்குத் திறந்து ஏற்றலாம், அல்லது ஒரு விநியோகத் தளத்திடம் கொடுத்துவிட்டால் அவர்களே எல்லாக் கடைக்கும் அனுப்புவார்கள். அதில் அதிகம் பேர் பயன்படுத்துவது டிராஃப்ட்2டிஜிட்டல். 2022இல் ஸ்மாஷ்வேர்ட்ஸையும் தன்னோடு இணைத்துக்கொண்டது. விற்கிற பிரதியின் விலையில் ஏறக்குறைய 10 சதவீதத்தை அவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். 4.99 டாலர் நூலுக்கு ஆப்பிளில் நேரடியாகப் போட்டால் 3.49, அவர்கள் வழியாகப் போனால் சுமார் 2.99. ஒரு பிரதிக்கு அரை டாலர். மாதம் பத்துப் பிரதி விற்கிற கடைக்காக ஒரு தனிக் கணக்கு, தனி வரிப் படிவம், தனிக் கடவுச்சொல் என்று அலைவதற்கு இந்த அரை டாலரைக் கொடுத்துவிடலாம். ஒரு கடையில் விற்பனை சூடு பிடித்தால் அந்தக் கடையை மட்டும் நேரடியாக மாற்றிக்கொள்ளுங்கள். நூலகங்களுக்கு மின்னூல் வழங்கும் ஓவர்டிரைவ், ஹூப்லா போன்றவற்றுக்குள் தனி ஆளாக நுழைவது கடினம், இந்த மாதிரி விநியோகத் தளம் வழியாகப் போவதுதான் சுலபம். நூலகத்துக்கான விலையைக் கடை விலையைவிடக் கூடுதலாக வைக்கலாம், ஒரு பிரதியைப் பலர் படிக்கிறார்கள் என்பதால் அதுதான் வழக்கம்.

சொந்தத் தளத்தில் நேரடியாக விற்பதும் சாத்தியம். பேஹிப், கம்ரோட் மாதிரி இடங்களில் கோப்பை வைத்தால் அவர்களே காசை வாங்கிக் கோப்பை அனுப்புவார்கள், உங்களுக்குக் கிடைக்கும் பங்கு பெரும்பாலும் கடைகளைவிட அதிகம், வாங்கியவர் யார் என்பதும் தெரியும். ஆனால் ஆட்களை அங்கே நீங்கள்தான் அழைத்து வர வேண்டும், கடையில் போகிற போக்கில் கண்ணில் பட்டு வாங்குகிற கூட்டம் அங்கே இருக்காது. முதல் நூலுக்கு இதை நம்பி இருக்காதீர்கள்.

ஐஎஸ்பிஎன்: அமேசான் தானே ஏஎஸ்ஐஎன் என்று ஓர் எண் கொடுத்துவிடும், விநியோகத் தளங்கள் இலவச ஐஎஸ்பிஎன் தருகின்றன. சில நாடுகளில் அரசே இலவசமாகத் தருகிறது, சில நாடுகளில் விலை கொடுத்து வாங்க வேண்டும். தளம் கொடுக்கும் இலவச எண்ணில் பதிப்பாளர் என்று அந்தத் தளத்தின் பெயர்தான் பதிவாகும், அதே எண்ணை வேறு இடத்துக்கு எடுத்துப் போகவும் முடியாது. இதனால் உரிமை போய்விடாது, பயப்பட வேண்டாம். உங்கள் நாட்டில் இலவசம் என்றால் சொந்தமாக வாங்கிக்கொள்ளுங்கள், மின்னூலுக்கு ஒன்று, அச்சுக்கு வேறு ஒன்று. காப்புரிமை எழுதிய அந்தக் கணமே உங்களுடையது. இதற்கான சர்வதேச உடன்பாடான பெர்ன் ஒப்பந்தத்தில் உள்ள நாடுகளில் பதிவு செய்தால்தான் உரிமை வரும் என்ற நிபந்தனை இல்லை. பதிவு என்பது வழக்கு வந்தால் கைகொடுக்கும் ஆதாரம். செயற்கை நுண்ணறிவைக் கொண்டு உரையையோ அட்டையையோ உருவாக்கியிருந்தால் கேடிபியில் அதை அறிவிக்க வேண்டும், 2023 செப்டம்பரிலிருந்து கேட்கிறார்கள். மறைத்தால் பின்னால் தொல்லை உங்களுக்குத்தான்.

கணக்கு முடக்கம் என்று முதலில் சொன்னேன் அல்லவா, அதற்கான பொதுவான காரணங்களையும் சொல்லிவிடுகிறேன். ஒருவருக்கு ஒரே கேடிபி கணக்குதான். புனைபெயர் எத்தனை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம், எல்லாம் அந்த ஒரே கணக்குக்குள். புனைபெயருக்குத் தனிக் கணக்கு திறப்பது ஆபத்து. காசு கொடுத்து விமர்சனம் எழுதச் சொல்வது, வீட்டில் உள்ளவர்களை விட்டு ஐந்து நட்சத்திரம் போட வைப்பது இரண்டும் விதிக்கு எதிரானவை. முன்கூட்டியே இலவசப் பிரதி கொடுத்து, விருப்பம் இருந்தால் மனதில் பட்டதை எழுதுங்கள் என்று கேட்பது தவறில்லை. அப்புறம், "இத்தனை ஆயிரம் வாசிப்புகளுக்கு உத்தரவாதம்" என்று தேடி வருகிற சேவைகள். அவை பெரும்பாலும் இயந்திரத்தை வைத்துப் பக்கம் புரட்டுகின்றன, பிடிபட்டால் போவது உங்கள் கணக்கு.

கடைப் பக்கத்தில் வரும் விவரணையை நூலின் கதைச் சுருக்கம் என்று நினைத்து எழுதாதீர்கள். முதல் சில வரிகள்தான் மடிக்காமல் தெரியும், அதற்குள் யாருக்கு என்ன சிக்கல் என்று வந்துவிட வேண்டும். எழுத்தாளரின் பட்டங்களும் பரிசுகளும் கீழே போகட்டும். கேடிபியில் ஏழு தேடுசொல் பெட்டிகள், மூன்று வகைகள். 'நாவல்', 'கதை' என்று ஒற்றைச் சொல்லைப் போட்டு வீணாக்காமல், வாசகர் தேடலில் என்ன தட்டுவார் என்று யோசித்து முழுத் தொடராகப் போடுங்கள். வகையில் மிகப் பரந்ததை விட்டுவிட்டுக் குறுகியதைப் பிடித்தால் பட்டியலில் தெரிய வாய்ப்பு அதிகம். அடுத்து மாதிரிப் பக்கங்கள். இலவச மாதிரி நூலின் தொடக்கத்திலிருந்து சுமார் 10 சதவீதம். அணிந்துரை, வாழ்த்துரை, என்னுரை, நன்றியுரை என்று வரிசையாக முன்னால் அடுக்கினால் சிறிய நூலில் மாதிரி அதோடு முடிந்துவிடும், கதையின் முதல் வரியைப் பார்க்காமலேயே வாசகர் போய்விடுவார். அதையெல்லாம் பின்னால் தள்ளுங்கள். இலவசமாகக் கிடைக்கும் மிகப் பெரிய விளம்பரம் அந்த 10 சதவீதம், அதில் கதை இருக்கட்டும்.

நூலின் கடைசிப் பக்கமும் அதே அளவுக்கு முக்கியம். முடித்த கையோடு உங்கள் அடுத்த நூலைப் பற்றித் தெரிந்துகொள்ள மனம் இருக்கிற ஒரே ஆள் அந்தப் பக்கத்துக்கு வந்தவர்தான். அங்கே உங்கள் தளத்துக்கு ஓர் இணைப்பு, புதிய நூல் வந்தால் மின்னஞ்சலில் தெரிவிக்கிறேன் என்று ஒரு வரி. கடைகள் வாங்கியவரின் முகவரியை உங்களுக்குத் தருவதில்லை, ஆகவே இதுதான் ஒரே வழி. அந்த இணைப்பு அமேசானுக்கு இருந்தால் ஆப்பிள் நூலை நிராகரித்துவிடும், எல்லாக் கடைக்கும் ஒரே கோப்பு போதும் என்றால் சொந்தத் தளத்துக்கே இணைப்பு கொடுங்கள்.

வெளியிட்டுத் தருகிறோம், இவ்வளவு தொகுப்புக் கட்டணம் என்று வருகிற நிறுவனங்களிடம் ஒப்பந்தத்தைக் கேட்டு வாங்கி மூன்று விஷயங்களைப் பாருங்கள்: உரிமை எத்தனை ஆண்டுக்கு, விட்டு விலகுவது எப்படி, விலகும்போது கோப்புகள் யாருக்கு. கடைக் கணக்கு அவர்கள் பெயரில் இருந்தால் விற்பனை எண்ணிக்கையை அவர்கள் சொல்லித்தான் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். எடிட்டிங்குக்கோ வடிவமைப்புக்கோ காசு வாங்குவது நியாயம்தான், காசையும் வாங்கிக்கொண்டு உரிமையையும் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். ஆங்கிலத்தில் ரைட்டர் பிவேர் தளமும், சுதந்திர எழுத்தாளர் கூட்டமைப்பான அலையன்ஸ் ஆஃப் இண்டிபெண்டன்ட் ஆதர்ஸும் இப்படிப்பட்ட நிறுவனங்களைப் பற்றிய எச்சரிக்கைகளைத் தொடர்ந்து வெளியிடுகின்றன, கையெழுத்துப் போடுவதற்கு முன் அங்கே பெயரைத் தேடிப் பாருங்கள்.

திருட்டுப் பிரதி பற்றியும் எல்லோரும் கவலைப்படுகிறார்கள். நகலெடுப்பதைத் தடுக்கும் டிஆர்எம் பூட்டு போட்டால் நிற்கும் என்று நம்ப வேண்டாம், உடைப்பவர்கள் உடைத்துவிடுவார்கள், காசு கொடுத்து வாங்கியவர்தான் கருவி மாற்றும்போது அவதிப்படுவார். நான் பூட்டு வேண்டாம் என்கிற கட்சி. செலக்டில் இருக்கும்போது மட்டும், திருட்டுத் தளத்தில் உங்கள் நூல் தெரிந்தால் எடுக்கச் சொல்லி எழுதியதற்கான ஆதாரத்தை வைத்துக்கொள்ளுங்கள், வேறு இடத்தில் எப்படி வந்தது என்று அமேசான் கேட்டால் காட்ட உதவும்.

முன்பதிவு வைத்தால் அமேசானில் இறுதிக் கோப்பு வெளியீட்டுக்கு 72 மணி நேரம் முன்னால் போய்ச் சேர வேண்டும், எனவே முழுக் கையெழுத்துப் பிரதி கையில் இல்லாமல் தேதி அறிவிக்காதீர்கள். வெளியான பின்னால் எழுத்துப் பிழை கண்டுபிடித்தால் திருத்திய கோப்பை எப்போது வேண்டுமானாலும் ஏற்றலாம், புதிதாக வாங்குகிறவர்களுக்குத் திருத்தியது போகும். ஏற்கெனவே வாங்கியவர்களின் கருவியில் பழையதே இருக்கும். பெரிய குறை என்றால் மட்டும் அமேசானிடம் சொல்லி அவர்களுக்கும் தெரிவிக்க வைக்கலாம். உரிமைப் பக்கத்தில் பதிப்புத் தேதியைப் போட்டு வையுங்கள், வாசகர் பிழை சொல்லி எழுதும்போது அவர் கையில் இருப்பது பழைய கோப்பா புதியதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.